எழுத்துரு மாற்றி வகுப்புகளை ரீஃபாக்டர் செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய தமிழ் எழுத்துருக்களில் அடித்த உரையை யூனிகோடுக்கு மாற்றும் லைப்ரரி ஒன்றைப் பல வருடமாகப் பராமரித்து வருகிறேன். பாமினி எழுத்துருவுக்கு ஒரு வகுப்பு (கிளாஸ்), திஸ்கி குறியாக்கத்துக்கு ஒன்று, தமிழக அரசு 1999-இல் கொண்டுவந்த டாப், டாம் குறியாக்கங்கள் இரண்டுக்கும் தனித்தனியாக. ஏறக்குறைய ஒரே வேலையைத்தான் எல்லாம் செய்கின்றன. அதனால் புதிதாக வருபவர்களுக்கு ரீஃபாக்டர் செய்து, அதாவது செய்யும் வேலையை மாற்றாமல் நிரலைச் சீர்படுத்தி, இவற்றை ஒன்றாக்கிவிட வேண்டும் என்று கை துறுதுறுக்கும். போன வாரம் ஒரு தம்பி அப்படித்தான் ஒரு திருத்தம் அனுப்பியிருந்தார். முன்பு நான் செய்த தவறு அப்படியே அதிலும் இருந்தது.

அட்டவணையை அகர வரிசையில் அடுக்குவது

எந்த விசைகளுக்கு எந்தத் தமிழ் எழுத்து என்ற அட்டவணை ஒவ்வொரு வகுப்பிலும் இருக்கும். பாமினியில் ‘கொ’ என்பது என், எஃப், எச் என்று மூன்று ஆங்கில விசைகள். ‘கெ’ என்றால் முதல் இரண்டு. ‘க’ என்றால் எஃப் மட்டும். நீளமானதை முதலில் மாற்ற வேண்டும். அழகுக்காக அகர வரிசையில் அடுக்கினால் எஃப் முதலில் மாறிவிடும், கொம்பு எழுத்துக்கு முன்னால் புள்ளி வட்டத்தோடு தொங்கும். நல்லவேளையாக இது பார்த்தவுடன் கண்ணில் படும். நீளத்தை வைத்து நிரலே வரிசைப்படுத்தட்டும், ஒரே ஓட்டத்தில் மாற்றட்டும்.

ஔகார வரிசையை லூப் போட்டு உருவாக்குவது

கண்ணில் படாத தவறு இதுதான். இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருவது இதை நினைத்தால்தான்.

பழைய வகுப்பில் உயிர்மெய்களைக் கையால் எழுதியிருந்தார்கள், பல மெய்களுக்கு ஔகாரமே இல்லை. யாரோ சோம்பலில் விட்டுவிட்டார்கள் என்று நினைத்தேன். 18 மெய், 12 உயிர், மொத்தம் 216 உயிர்மெய். இரண்டு லூப் போட்டால் அட்டவணை தானாக வந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். முந்நூறு வரி முப்பதாகக் குறைந்தது. ரொம்பத் திருப்தியாக இருந்தது.

பாமினியில் ‘வௌ’ எழுத என், டி (t), எஸ். அந்த எஸ் ஔகாரத்துக்கென்று தனியாக இருக்கும் விசை இல்லை, ‘ள’தான். ‘வெளி’ எழுத என், டி, எஸ், பி (p). நீளமானது முதலில் என்ற விதிப்படி என் நிரல் முதல் மூன்றைச் சேர்த்து ‘வௌ’ ஆக்கியது, பிறகு மிச்சமிருந்த ‘ி’-ஐ அதன் தலையில் வைத்தது. வெளியீடு ‘வௌியீடு’ ஆனது, வெள்ளம் ‘வௌ்ளம்’ ஆனது, தெளிவு ‘தௌிவு’ ஆனது. பல எழுத்துருக்களில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் தெரியும். இணையத்தில் செய்திகளைத் தேடிப் பாருங்கள், ‘வௌியிட்டார்’, ‘வௌிநாடு’ என்று இன்றும் கொட்டிக் கிடக்கிறது.

என்னிடம் டெஸ்ட் இல்லாமல் இல்லை. பாமினியிலிருந்து யூனிகோடு, திரும்ப யூனிகோடிலிருந்து பாமினி, இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் டெஸ்ட்டுகள் இருந்தன. எல்லாம் பச்சை, அதாவது தேறிவிட்டன. ஏனென்றால் ‘வௌி’-ஐத் திரும்ப மாற்றினாலும் அதே என், டி, எஸ், பிதான் வரும். போன வழியிலேயே திரும்பி வரும் சோதனை இந்தத் தவறைப் பிடிக்கவே பிடிக்காது. எதிர்பார்க்கும் யூனிகோடு விடையை நீங்களே கையால் தட்டி வைத்து, யூனிகோடு ஒவ்வொரு எழுத்துக்கும் தரும் எண்ணை வைத்து, குறியெண் குறியெண்ணாக ஒப்பிடுங்கள்: ‘ள’ 2995, ‘ௌ’ 3020.

ஒரு சிற்றிதழின் பழைய இதழ்களை அந்தப் பதிப்பை வைத்துத்தான் மாற்றிக் கொடுத்தேன். மாதக் கணக்கில் யாரும் எதுவும் சொல்லவில்லை. அப்புறம் அதன் ஆசிரியர் கூப்பிட்டு, “தம்பி, ‘வெள்ளம்’னு தேடினா ஒண்ணுமே வரலையே, நாங்க அதுக்கு ஒரு சிறப்பிதழே போட்டோமே” என்றார். அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

தீர்வு சிறியது. ‘ள’-க்கு அடுத்த குறியையும் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். புள்ளியோ உயிர்க்குறியோ வந்தால் அது ‘ள’தான், ஔகாரத்தின் மேல் இன்னொரு குறி ஏறவே முடியாது. எதுவும் வராவிட்டால் பெரும்பாலும் ஔகாரம்: மௌனம், பௌர்ணமி, வௌவால். ‘கௌளி’கூட இந்த விதியில் சரியாக வரும், முதல் ‘ள’-க்குப் பின்னால் குறி இல்லை. ஏற்கெனவே கெட்டுப்போன உரையையும் இதே விதியை வைத்துச் சரிசெய்யலாம்: ‘ௌ’-க்குப் பிறகு உயிர்க்குறியோ புள்ளியோ இருந்தால் அந்த ‘ௌ’-ஐ எடுத்துவிட்டு ‘ெ’-யும் ‘ள’-வும் வையுங்கள். ஒரே எழுத்தைப் பல விதமாக எழுதியிருந்தால் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் யூனிகோடின் நார்மலைசேஷன் இதைச் சரிசெய்யும் என்று நம்ப வேண்டாம். அது கொம்போடு சேர்த்து ‘ௌ’ ஆக்குவது 3031 என்ற தனிக் குறியைத்தான், ‘ள’-வை அது தொடாது.

‘ஸ்ரீ’

‘ஶ’ 2005-இல் யூனிகோடில் சேர்ந்ததிலிருந்து இதை ‘ஸ’ வைத்தும் ‘ஶ’ வைத்தும் இரண்டு விதமாக எழுதலாம். ஒன்றைத் தேர்ந்தெடுத்து எல்லா வகுப்பிலும் அதையே வையுங்கள்.

தெரியாததை அப்படியே விடு என்று அடிப்படை வகுப்பில் எழுதுவது

அடிப்படை வகுப்பு என்றால் மற்ற எல்லா வகுப்பும் பொதுவாக எடுத்துக்கொள்வது. திஸ்கிக்கு இது சரி. அதில் முதல் 128 இடமும் ஆங்கிலத்துக்கு, தமிழ் அதற்கு மேலே. பாமினி ஆங்கில விசைகளின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது, அங்கே தெரியாத எழுத்து என்று ஏறக்குறைய எதுவும் கிடையாது. கட்டுரை நடுவே வரும் ஆங்கில முகவரியையும் அது தமிழாக்கி வைக்கும், பிழைச் செய்தியும் வராது.

எது பாமினி, எது ஆங்கிலம் என்பது வேர்ட் கோப்பில் எழுத்துருவின் பெயரில்தான் இருக்கிறது. வெறும் உரையாக வெட்டி ஒட்டிய கணமே அது போய்விடும். அதனால் வகுப்புக்கு உரையை மட்டும் அனுப்பாமல், துண்டு துண்டாக, ஒவ்வொன்றோடும் எழுத்துருப் பெயரையும் சேர்த்து அனுப்புங்கள். மாற்றி முடித்த பிறகும் மூலக் கோப்பை அழிக்காதீர்கள். அந்தச் சிற்றிதழின் ஆங்கிலப் பெயர்களை மீட்க முடிந்தது, ஆசிரியர் பழைய சிடிக்களைத் தூக்கிப் போடாமல் பீரோவில் வைத்திருந்ததால்தான்.