மொட்டை மாடியில் நிற்கும் பழைய டிஷ்ஷைக் கொண்டு இலவச அலைவரிசைகளைப் பெறுவது எப்படி?

வடசென்னையின் இராயபுரம், தண்டையார்பேட்டை, பழைய வண்ணாரப்பேட்டைத் தெருக்களில், சந்தா நின்றுபோன பிறகும் கழற்றப்படாத டிஷ்களைப் பல வீடுகளின் மொட்டை மாடிகளில் காணலாம். அவற்றைப் பழைய இரும்புக் கடையில் போடுவதற்கு முன் ஒரு முறை யோசியுங்கள். தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதி 2004 டிசம்பரில் தொடங்கி, இன்று டிடி ஃப்ரீ டிஷ் என்ற பெயரில் நடத்திவரும் சேவையை மாதக் கட்டணம் இல்லாமல் பெற, அந்தப் பழைய டிஷ்ஷையே பயன்படுத்தலாம். அது உங்களுடையது அல்ல, வாடகைக்குத் தரப்பட்டது என்றாலோ, பக்கத்துக் குடித்தனக்காரர் விட்டுச் சென்றது என்றாலோ, உரியவரிடம் கேட்டுக்கொண்டு தொடங்குவதே முறை.

எதிர்பார்ப்பை முதலிலேயே சரிசெய்துகொள்வது நல்லது. 2024 ஜனவரி வரை பொதிகை என்று அழைக்கப்பட்ட டிடி தமிழ், மற்ற தூர்தர்ஷன் அலைவரிசைகள், நாடாளுமன்ற ஒளிபரப்பு, பள்ளி மாணவர்களுக்கான கல்வி அலைவரிசைகள், வானொலி ஆகியவை கிடைக்கும். தனியார் அலைவரிசைகளில் இந்தியே மிகுதி. வீட்டில் மாலை நேரத் தமிழ்த் தொடர்களைத்தான் பார்ப்பீர்கள் என்றால் இந்தச் சேவை மட்டும் உங்களுக்குப் போதாது. செய்தி, விளையாட்டு, படிக்கும் பிள்ளைகளுக்கான பாடங்கள் ஆகியவற்றுக்கு இது மிகவும் பயன்படும் என்பது என் உறுதியான கருத்து.

பாக்ஸும் எல்.என்.பியும்

கட்டண நிறுவனம் கொடுத்த பழைய பாக்ஸ் இதற்கு உதவாது. எம்பெக் 4 (படத்தைச் சுருக்கி அனுப்பும் முறைகளில் புதியது) வகையைச் சேர்ந்த, சந்தா தேவைப்படாத செட் டாப் பாக்ஸ் ஒன்றை வாங்குங்கள். எம்பெக் 2 மட்டுமே அறிந்த பாக்ஸில் சில அலைவரிசைகள் விடுபட்டுப் போகும். உங்கள் தொலைக்காட்சியிலேயே செயற்கைக்கோள் ட்யூனர் இருந்தால் பாக்ஸும் வேண்டாம்.

அடுத்து, டிஷ்ஷின் கை முனையில் உள்ள, சிக்னலை வாங்கும் சிறு கருவியான எல்.என்.பியின் (LNB) லேபிளைப் பாருங்கள். அதில் 9750 என்ற எண் இருக்க வேண்டும். பெரும்பாலானவற்றில் 9750/10600 என்று அச்சிடப்பட்டிருக்கும். வானிலிருந்து வரும் சிக்னலின் அதிர்வெண்ணிலிருந்து இந்த எண்ணைக் கழித்துத்தான் எல்.என்.பி சிக்னலைக் கேபிள் வழியாகக் கீழே அனுப்புகிறது. ஃப்ரீ டிஷ்ஷின் 11090 மெகாஹெர்ட்ஸில் 9750 போக 1340 வரும். அதைப் பாக்ஸ் ஏற்கும். 10600 மட்டுமே கொண்ட எல்.என்.பியில் 490தான் மிஞ்சும். பாக்ஸ் 950க்குக் கீழே எதையும் ஏற்காது என்பதால், அத்தகைய எல்.என்.பியை மாற்றியே ஆக வேண்டும்.

எந்தப் பக்கம், எவ்வளவு திருப்புவது?

ஃப்ரீ டிஷ் ஒளிபரப்பாகும் ஜிசாட் 15, கிழக்குத் தீர்க்கரேகை 93.5 டிகிரியில் நிற்கிறது. சென்னையிலிருந்து பார்த்தால் அது ஏறக்குறைய நேர் தென்கிழக்கில், அடிவானத்திலிருந்து 68 டிகிரி உயரத்தில் இருக்கும். இந்த உயரம் நெருக்கமான நம் தெருக்களுக்கு மிகவும் சாதகமானது: டிஷ்ஷிலிருந்து 10 அடி தள்ளி இருக்கும் தண்ணீர்த் தொட்டி, டிஷ்ஷைவிட 25 அடி உயர்ந்திருந்தால்தான் சிக்னலை மறைக்கும்.

பழைய டிஷ் ஏற்கெனவே ஒரு செயற்கைக்கோளைப் பார்த்துக்கொண்டிருப்பதால், திசைகாட்டியைவிட அதுவே சிறந்த வழிகாட்டி. கம்பி கட்டிய கான்கிரீட்டின் அருகே கைப்பேசியின் திசைகாட்டி தடுமாறும். ஆகவே, போல்ட்டைத் தளர்த்துவதற்கு முன் டிஷ்ஷின் இப்போதைய நிலையைக் கம்பத்தின் மீது மார்க்கர் பேனாவால் குறித்துவிட்டு, டிஷ்ஷின் பின்னால், அது பார்க்கும் வானத்தை நோக்கி நில்லுங்கள். டாடா ப்ளே டிஷ் என்றால் இடப்பக்கம் சுமார் 34 டிகிரி திருப்பி, 6 டிகிரி தாழ்த்த வேண்டும். டி2எச் டிஷ் என்றால் இடப்பக்கம் 15 டிகிரி திருப்பி, 4 டிகிரி தாழ்த்த வேண்டும். ஏர்டெல் டிஷ்ஷை வலப்பக்கம் 21 டிகிரி திருப்பி, 14 டிகிரி உயர்த்த வேண்டும். டிஷ் டிவியின் டிஷ்ஷுக்கு வலப்பக்கம் 3 டிகிரியும் மேல்நோக்கி 1 டிகிரியும் போதும். சன் டைரக்ட் டிஷ்ஷை அசைக்காமலேயே முதலில் தேடிப் பாருங்கள்.

டிஷ்ஷின் முகம் 68 டிகிரிக்கு நிமிர்ந்து தெரியவில்லையே என்று அதைத் தூக்கிவிடாதீர்கள். இவ்வகை டிஷ்கள் தம் முகம் காட்டும் கோணத்தைவிட ஏறத்தாழ 25 டிகிரி மேலிருந்து வரும் சிக்னலைத்தான் எல்.என்.பியில் குவிக்கின்றன.

சிக்னல் பிடித்தல்

கேபிளை இணைக்கும் போதும் கழற்றும் போதும் பாக்ஸின் மின்சாரத்தை நிறுத்திவிடுங்கள். கேபிளின் வழியே 13 அல்லது 18 வோல்ட் எல்.என்.பிக்குச் செல்வதால், நடுக் கம்பியும் வலைக் கம்பியும் தொட்டுக்கொண்டால் பாக்ஸ் பழுதாகலாம். மாடிக்கு அருகே மின்கம்பி செல்லும் வீடுகளில், டிஷ்ஷையோ கம்பத்தையோ அதன் பக்கம் சாய்க்கவே கூடாது.

பாக்ஸின் அமைப்புப் பகுதியில் செயற்கைக்கோளாக ஜிசாட் 15, எல்.என்.பியாக 9750/10600 ஆகியவற்றைத் தேர்ந்தெடுத்து, 22 கிலோஹெர்ட்ஸ் (22 kHz) என்ற தேர்வை அணைத்துவிட்டு, அதிர்வெண் 11090, செங்குத்து (Vertical), சிம்பல் ரேட் 29500 என்று பதியுங்கள். திரையில் இரண்டு பட்டைகள் தோன்றும். ‘வலிமை’ காட்டும் பட்டை டிஷ் எங்கே பார்த்தாலும் ஓரளவு நிறைந்திருக்கும்; அதை நம்ப வேண்டாம். ‘தரம்’ காட்டும் பட்டை மட்டுமே நமக்கு முக்கியம்.

கீழே ஒருவர் திரையைப் பார்த்துக் கைப்பேசியில் சொல்ல, மேலே நீங்கள் டிஷ்ஷை நகர்த்துங்கள். 60 செ.மீ. டிஷ்ஷில் ஒரு டிகிரி என்பது விளிம்பில் வெறும் அரை செ.மீ. நகர்வு, அதற்கு மேல் ஒரே மூச்சில் திருப்பினால் செயற்கைக்கோளைத் தாண்டிப் போய்விடுவீர்கள். ஒவ்வொரு அரை செ.மீ.க்கும் இரண்டு, மூன்று விநாடிகள் நிறுத்துங்கள், ஏனெனில் பாக்ஸ் சிக்னலைப் பூட்டிக்கொள்ளச் சற்று நேரம் எடுக்கும். இடவலமாக ஒரு வீச்சு முடிந்தும் தரம் வராவிட்டால், ஒரு டிகிரி உயர்த்தியோ தாழ்த்தியோ மீண்டும் அதே வீச்சைத் தொடருங்கள்.

தரம் தென்பட்டதும் எல்.என்.பியைப் பிடித்திருக்கும் வளையத்தைத் தளர்த்தி, அதை இருபுறமும் மெல்லச் சுழற்றிப் பாருங்கள். பலர் விட்டுவிடும் இந்த வேலையால், மழை நாளில் படம் தடையின்றி ஓடுவதா உறைவதா என்பதே தீர்மானிக்கப்படலாம். சென்னை நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதாலும் செயற்கைக்கோள் நமக்குக் கிழக்கே விலகி நிற்பதாலும், டாடா ப்ளேக்காக வைத்த எல்.என்.பி கணிசமாகத் திரும்ப வேண்டியிருக்கும். தரம் உச்சத்தைத் தொட்ட இடத்தில் எல்லா போல்ட்டுகளையும் மாறி மாறி, சிறிது சிறிதாக இறுக்குங்கள். ஒன்றை மட்டும் முழுவதும் இறுக்கினால் டிஷ் நகர்ந்துவிடும்.

பிறகு தானியங்கித் தேடலை இயக்கிச் சேமித்துக்கொள்ளலாம். தனியார் அலைவரிசைகளுக்கான இடங்களைப் பிரசார் பாரதி மின் ஏலத்தில் ஒதுக்குவதால் பட்டியல் அவ்வப்போது மாறும். அப்போது டிஷ்ஷைத் தொடாமல் மறுதேடல் மட்டும் செய்தால் போதும்.

கடற்காற்றுக்கு எதிராக

காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் இருப்பவர்கள் இதைத் தள்ளிப்போடக் கூடாது. எல்.என்.பியில் திருகப்பட்ட கேபிள் முனையைக் கழற்றிப் பாருங்கள். நடுச் செம்புக் கம்பி கறுத்தோ பச்சை பூத்தோ இருந்தால், பளபளப்பான செம்பு தெரியும் வரை கேபிளை வெட்டிவிட்டுப் புதிய கனெக்டரைப் பொருத்துங்கள். இணைப்பின் மேல் இன்சுலேஷன் டேப்பைக் கீழிருந்து மேலாகச் சுற்றினால், சுற்றுகள் ஓடு வேய்ந்ததுபோல் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, நீர் உள்ளே இறங்காது. எல்.என்.பிக்குக் கீழே கேபிளை ஒரு வளையமாகத் தொங்கவிட்டுக் கட்டுங்கள். போல்ட்டுகளுக்குக் கிரீஸ் தடவிவிட்டு, வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் ஆண்டுக்கு ஒரு முறை அவற்றைச் சரிபாருங்கள்.