விமான நிலையக் கடைகளில் வாங்குவதும் சாப்பிடுவதும்

கீழக்கரையிலிருந்து துபாயில் இருக்கும் மகனைப் பார்க்கப் போகும்போதெல்லாம் இப்படித்தான் செய்கிறேன். வீட்டில் கட்டிய இட்லிப் பொட்டலத்தைக் கைப்பையிலேயே வைத்துக்கொள்வேன், சோதனையில் தடுத்ததில்லை. ஆனால் தயிர், ஊறுகாய், நெய் போன்றவை திரவக் கணக்கில் வரும், 100 மில்லிக்கு மேல் கைப்பையில் விடமாட்டார்கள். தேங்காய்ப்பாலில் செய்யும் எங்கள் ஊர் இனிப்பான தொதலையும் பெட்டிக்குள் போட்டுவிடுங்கள், எண்ணெய் கசியாமல் இரண்டு உறை சுற்றி.

தண்ணீர் பாட்டிலைக் காலியாகக் கொண்டுபோய், சோதனை முடிந்ததும் உள்ளே குழாயில் பிடித்துக்கொள்ளுங்கள். சென்னை உள்நாட்டு முனையத்தில் உடான் யாத்ரி கஃபே என்ற மலிவு விலை உணவுக் கடை இருக்கிறது. 2025-இல் திறந்தபோது டீயும் தண்ணீரும் 10 ரூபாய், சமோசா 20. இது சோதனைக்கு முன்னாலேயே இருப்பதால், சாப்பிட்டுவிட்டு உள்ளே போங்கள். கடைகளில் பாக்கெட்டில் அச்சிட்ட விலைக்கு மேல் கேட்டால் கொடுக்காதீர்கள், அது சட்டப்படி தவறு. ரசீதை விடாமல் கேட்டு வாங்குங்கள்.

அப்புறம் ட்யூட்டி ஃப்ரீ, அதாவது வரியில்லாமல் விற்கும் கடை. வெளிநாடு போய்வரும் பயணிகளுக்குத்தான் அது. நடுவில் விமானம் மாறுவதாக இருந்தால் சென்ட் வாங்கும்போது ரொம்பக் கவனம் வேண்டும். முத்திரை வைத்த பையில், ரசீது வெளியே தெரியும்படி தருவார்கள். மருமகளுக்கு வாங்கிய 200 மில்லி பாட்டிலை முகர்ந்து பார்க்கும் ஆசையில் அந்தப் பையைப் பிரித்துவிட்டேன். அடுத்த விமான நிலையச் சோதனையில் எடுத்துக்கொண்டார்கள். அன்று எனக்கு அழுகையே வந்தது. வீடு போய்ச் சேரும்வரை அந்தப் பையைப் பிரிக்க வேண்டாம்.