வாசல் செம்பருத்தியை ஆயில் பெயின்டில் வரைவது எப்படி

செம்பருத்தி ஒரு நாள் பூ. காலையில் விரியும், பொழுது சாயச் சாயச் சுருளும், மறுநாள் அதே கிளையில் வேறொரு பூ வேறொரு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கும். தோட்டத்துப் பூக்களை நேரில் பார்த்து ஆயிலில் வரைய ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் கேட்டால் இந்தச் செடியில் தொடங்குங்கள் என்றுதான் சொல்வேன். பூ பெரியது, இதழ் ஐந்தே ஐந்து, வருடம் முழுக்கப் பூக்கும், அநேகமாக எல்லாத் தெருவிலும் ஒன்று இருக்கும். ஒரே செடியை ஒரே நேரத்தில் வாரம் நான்கு நாள் வரைந்து பாருங்கள். புதுப்புதுப் பூவாகத் தேடிப் போய் வரைவதில் வராத கைப்பழக்கம் இதில் வரும், ஏனென்றால் செடி உங்களுக்குத் தெரிந்துவிட்ட பிறகு மாறுவது வெளிச்சம் மட்டும்தான், கண் அதைப் பார்க்க ஆரம்பிக்கும்.

வேலை முந்தின நாள் சாயங்காலமே தொடங்கிவிடுகிறது. செடியைச் சுற்றி வந்து மொட்டுகளைப் பாருங்கள். பச்சை உறையைத் தாண்டிச் சிவப்பு நுனி முறுக்கிக்கொண்டு நீளமாக வெளியே வந்திருந்தால் அது காலையில் விரியும். அது எந்தப் பக்கம் பார்த்து விரியப் போகிறது, வெயில் எங்கிருந்து வரும், முக்காலியை எங்கே போடலாம் என்பதை அப்போதே முடிவு செய்துவிட்டால் காலையில் இருபது நிமிடம் மிச்சம். அப்புறம், வீட்டில் பூஜைக்குப் பூப் பறிப்பவரிடம் சொல்லி வைக்க வேண்டும். "அம்மா, அந்தக் கிழக்குப் பக்கக் கிளையை மட்டும் நாளைக்கு விட்டுடுங்க" என்று நான் இரவே சொல்லிவிடுவேன். அம்மா இப்போதெல்லாம் நான் கேட்காமலே இரண்டு பூவை விட்டு வைக்கிறார்.

நேரம் என்றால் காலை ஆறரையிலிருந்து எட்டு வரை. ஒன்பது மணிக்கு மேல் நம் ஊர் வெயில் தலைக்கு மேலே ஏறி, நிழலெல்லாம் செடியின் அடியில் சுருண்டு, பூ வெறும் சிவப்புத் தாள் மாதிரி தட்டையாகிவிடும். சூரியன் மணிக்கு 15 பாகை நகர்கிறது. ஒரு மணி நேரத்தில் இதழின் மேல் விழுந்த நிழல் அடுத்த இதழுக்குப் போயிருக்கும். அதனால் ஒரு படத்துக்கு ஒரு மணி நேரம், மிஞ்சினால் ஒன்றரை. அதற்குள் முடிகிற அளவில் பலகை இருக்க வேண்டும்: 6க்கு 8 அங்குலம், கொஞ்சம் பழகியபின் 8க்கு 10. பிரான்சில் ஜிவெர்னி என்ற ஊரில் 1883இலிருந்து குடியிருந்த ஓவியர் மோனே, வெளிச்சம் மாறினால் கையிலிருந்த கேன்வாஸை வைத்துவிட்டு அந்த வெளிச்சத்துக்குரிய வேறொன்றை எடுத்துக்கொள்வார். நாமும் அதையே சின்ன அளவில் செய்யலாம். வெயில் நாளுக்கு ஒரு பலகை, மூட்டத்துக்கு ஒன்று. ஒன்றில் பாதியில் வெளிச்சம் போனால் ஊகித்து முடிக்காதீர்கள். மறுநாள் அதே நேரத்துக்கு வாருங்கள், பூ வேறாக இருந்தாலும் நிழலின் நிறம் அதேதான்.

ஆயில் எதற்கு, தண்ணீரில் கரைத்துப் போடும் அக்ரிலிக் பெயின்ட் போதாதா என்று கேட்பார்கள். நம் வெயிலில் அக்ரிலிக் நிறம் கலக்கும் தட்டிலேயே நிமிடங்களில் காய்ந்துபோகும். ஆயிலில் இருக்கும் ஆளிவிதை எண்ணெய் தண்ணீர் மாதிரி ஆவியாகிக் காய்வதில்லை, காற்றிலுள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு மெல்ல மெல்ல இறுகுகிறது, அதற்கு நாள்கணக்கில் ஆகும். அதனால் இதழின் ஓரத்தை இலையின் பச்சைக்குள் விரலால் லேசாக இழுத்துக் கரைக்கலாம், பிடிக்காததைக் கத்தியால் சுரண்டிவிட்டு அதே இடத்தில் மறுபடி போடலாம். பூவுக்கு இந்த மென்மை வேண்டும்.

சாமான்கள் அதிகம் தேவையில்லை. கேன்வாஸ் போர்டு வாங்கலாம். அல்லது ப்ளைவுட் துண்டு, எம்.டி.எஃப். என்கிற மரநார்ப் பலகைத் துண்டுக்கு ஜெஸ்ஸோ என்ற வெள்ளை அடிப்பூச்சை மூன்று முறை பூசிக்கொள்ளலாம், செலவு குறைவு. வெறும் காகிதத்தில் நேரடியாக ஆயில் வைக்காதீர்கள், எண்ணெய் இறங்கி நாளடைவில் காகிதம் நொறுங்கும். பன்றிமுடி ஃப்ளாட் பிரஷ் 4, 6, 8 என மூன்று, மெல்லிய கோட்டுக்கு ஒன்று. இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் தனித்தனி பிரஷ் வைத்துக்கொண்டால் நிறம் அழுக்காகாது. நிறங்களில் லெமன் யெல்லோ, காட்மியம் யெல்லோ, காட்மியம் ரெட் அல்லது ஸ்கார்லெட், ஒரு ரோஸ், அல்ட்ராமரின் என்ற நீலம், பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு, டைட்டானியம் வொயிட், இவ்வளவு போதும். ரோஸ் வாங்கும்போது ட்யூபின் பின்புறம் நிறமியின் குறியீட்டைப் பாருங்கள். பி.ஆர். 83 என்று இருந்தால் அது அசல் அலிசரின் க்ரிம்சன், வெளிச்சத்தில் வெளுக்கும். பி.வி. 19 என்று இருந்தால் க்வினாக்ரிடோன், நீடிக்கும். செம்பருத்தி வரைகிறவருக்கு இந்த ஒரு ட்யூப்தான் உயிர், இதில் மட்டும் காசு பார்க்காதீர்கள்.

ஆரம்பத்தில் நான் செய்த பெரிய தவறு பலகையை வெயிலில் வைத்தது. வெயில் நேராக விழுகிற பலகையில் எல்லா நிறமும் பளிச்சென்று தெரியும், அதனால் கை தானாக அடர்த்தியாகக் கலக்கும், வீட்டுக்குள் கொண்டுவந்து சாய்த்து வைத்தால் படம் இருண்டு கிடக்கும். ஒரு மாதப் படங்கள் எனக்கு அப்படிப் போயின. பூ வெயிலில் இருக்கட்டும், பலகையும் தட்டும் நிழலில் இருக்க வேண்டும், இரண்டும் ஒரே நிழலில். சாதாரணக் கறுப்புக் குடை நன்றாக வேலை செய்யும். சிவப்பு, நீலக் குடை வேண்டாம், அதன் சாயல் முழுப் படத்திலும் இறங்கும். உடுத்துகிற சட்டையும் அப்படித்தான், வெள்ளைச் சட்டையின் ஒளி ஈரமான பெயின்ட் மேல் பட்டு மினுங்கி நிறமே தெரியாது. மங்கிய பழைய சட்டையாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

பலகையை வெள்ளையாக விடாமல் முதல் நாளே பர்ன்ட் சியன்னாவை டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்துப் பூசித் துடைத்து வையுங்கள். பச்சைக்கு நடுவில் அங்கங்கே அந்தச் செம்மண் நிறம் எட்டிப் பார்த்தால் படம் உயிரோடு இருக்கும்.

சரி, இப்போது செடி முன்னால் உட்கார்ந்தாயிற்று. பத்து நிமிடம் எதையும் தொடாமல் பாருங்கள், கண்ணைப் பாதி மூடிக்கொண்டு. விவரமெல்லாம் கரைந்து இருட்டு எங்கே, வெளிச்சம் எங்கே என்று இரண்டு மூன்று திட்டாகத் தெரியும். அந்தத் திட்டுகளைத்தான் முதலில் வைக்கிறோம், பூவை அல்ல. புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் பூவைத்தான் முதலில் போடுவார்கள், பிறகு சுற்றிலும் பச்சையைத் திணிப்பார்கள், பூ ஒட்டிவைத்த ஸ்டிக்கர் போல நிற்கும். செடிக்குள்ளே இருக்கும் ஆழமான இருட்டை முதலில் போடுங்கள். அல்ட்ராமரின், பர்ன்ட் சியன்னா, கொஞ்சம் மஞ்சள், டர்பன்டைனில் மெல்லியதாக. அந்த இருட்டின் விளிம்புதான் பூவின் உருவத்தை வெட்டித் தரும், பூ இருக்க வேண்டிய இடம் வெறும் செம்மண் நிறத்தில் அப்படியே காத்திருக்கட்டும்.

இலையில் மூன்று பச்சை உண்டு. வானத்தைப் பார்த்துக் கிடக்கும் மேல்புறம் பச்சையே அல்ல, நீலச் சாம்பல், செம்பருத்தி இலை பளபளப்பானது என்பதால் வானம் அதில் அப்படியே விழும். பின்னாலிருந்து வெயில் ஊடுருவும் இலை எலுமிச்சை மஞ்சள் கலந்த பச்சை. மற்றதெல்லாம் மங்கிய, கொஞ்சம் பழுப்பேறிய பச்சை. ட்யூபிலிருந்து பிதுக்கிய பச்சையை அப்படியே வைத்தால் பிளாஸ்டிக் செடி வரும். மஞ்சளும் அல்ட்ராமரினும் கலந்து, சிவப்பு ஒரு துளி தொட்டு அதை அடக்குங்கள். பச்சை அடங்கினால்தான் சிவப்பு எழும்.

இனி பூ. ஒரு பூவைக் கிட்டத்தில் பார்ப்போம். காலை ஏழு மணி, வெயில் இடப்பக்கம் பின்னாலிருந்து வருகிறது. மேலே நிற்கும் இரண்டு இதழ்களில் வெயில் ஊடுருவி வருகிறது, அங்கே நிறம் ஆரஞ்சை நோக்கிப் போகும் தீச்சிவப்பு, காட்மியம் ரெட்டில் காட்மியம் யெல்லோ ஒரு தொடுகை. கீழே மடிந்து வானத்தைப் பார்க்கும் இதழ் அதே சிவப்பு அல்ல, அதில் வானத்தின் குளிர்ச்சி விழுந்து ரோஸாகத் தெரியும், ரோஸோடு துளி வெள்ளை, அதில் ஊசிமுனையளவு நீலம். நிழலில் இருக்கும் இதழ் ரோஸும் அல்ட்ராமரினும் கலந்த கத்தரிப்பூச் சாயல். நடுத்தொண்டை அடர் அரக்கு. அதிலிருந்து நீண்டு வரும் கேசரத் தண்டு தன் நிழலை ஓர் இதழின் மேல் நீளமாகப் போட்டிருக்கும், அந்த ஒற்றை நிழல் கோடுதான் பூவுக்கு ஆழம் தருகிறது, அதை முதல் பத்து நிமிடத்திலேயே குறித்துவிடுங்கள், சீக்கிரம் நகர்ந்துவிடும். தண்டின் நுனியில் ஐந்து சிவப்புப் பொட்டு, அதற்குக் கீழே மஞ்சள் மகரந்தம். இதைக் கடைசியில், கெட்டியான பெயின்டில், தொட்டு எடுத்த மாதிரி வைத்துவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும்.

சிவப்பை வெளிச்சமாக்க வெள்ளையைக் கொட்டாதீர்கள், பஞ்சுமிட்டாய் நிறமாகிவிடும். வெயில் பட்ட இடத்துக்கு ஆரஞ்சு, வானம் பட்ட இடத்துக்கு மட்டும் வெள்ளை. சிவப்பை இருட்டாக்கக் கறுப்பும் வேண்டாம்.

நந்தியாவட்டை வரைகிறவர்களுக்கு இதற்கு நேர்மாறான சிக்கல். வெள்ளைப் பூவில் வெள்ளை மிகக் குறைவு. ஒரு வெள்ளைத் தாளைப் பூவின் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள், நிழல் இதழ்கள் நீலச் சாம்பலாகவும் இலைக்குப் பக்கத்திலிருப்பவை பச்சை ஏறியும் தெரியும். சுத்த வெள்ளையைக் கடைசி நான்கு தொடுகைக்குப் பத்திரப்படுத்துங்கள்.

இது பழக்கமாக வேண்டுமென்றால் பூக்களின் நேரத்துக்கு நாம் பழக வேண்டும். காலையில் வேலைக்கு ஓடுகிறவர்களுக்கு அந்திமந்தாரை இருக்கிறது, நாலு மணி வாக்கில் விரியும், சாய்வெயிலில் அதைவிட அழகு கிடையாது. சனி ஞாயிறு மட்டும் கிடைக்கிறவர்கள் வாடாமல்லியையோ கனகாம்பரத்தையோ எடுத்துக்கொள்ளலாம், சீக்கிரம் வாடாது, ஒரு பூங்கொத்துக்கே இரண்டு மூன்று நாள் உட்காரலாம். பங்குனி, சித்திரையில் காகிதப்பூ. மார்கழியில் கோலத்தில் வைக்கிற பரங்கிப்பூ, விடியலில் விரிந்து பத்து மணிக்குள் துவண்டுவிடும், அதன் மஞ்சளுக்கு நிழல் போடக் கறுப்பைத் தொட்டால் பாசி நிறமாகிவிடும் என்பதால் பர்ன்ட் சியன்னாவும் ஊசிமுனை வயலெட்டும் போதும். அதே மாதத்தில் டிசம்பர் பூ. அந்த ஊதாவுக்கு ரோஸும் அல்ட்ராமரினும்தான் சேரும், காட்மியம் ரெட்டைக் கலந்தால் பழுப்புதான் கிடைக்கும். ஐப்பசி மழையில் திண்ணையிலிருந்து வரையுங்கள், மூட்டத்தில் நிழல் நகராது, இரண்டு மணி நேரம்கூட உட்காரலாம், ஈரப் பச்சை வேறெப்போதும் அப்படிக் கிடைக்காது.

மனதுக்குத் தெம்பு வேண்டும் என்றால் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலேயப் பெண் ஓவியர் மரியான் நார்த்தின் படங்களைத் தேடிப் பாருங்கள். செடிகளை வெள்ளைப் பின்னணியில் வாட்டர் கலரில் வரைவதே வழக்கமாக இருந்த காலத்தில், அவர் ஆயில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உலகம் சுற்றினார். செடி நிற்கும் இடத்திலேயே, அதைச் சுற்றியுள்ள மண்ணோடும் வெளிச்சத்தோடும் வரைந்தார். 1877இல் இலங்கையிலும், அதே ஆண்டு தொடங்கி இந்தியாவிலும் வரைந்திருக்கிறார். லண்டனில் உள்ள கியூ தாவரவியல் தோட்டத்தில் 1882இல் திறந்த அவருடைய காட்சிக்கூடத்தில் 800க்கும் மேற்பட்ட படங்கள் சுவரே தெரியாமல் நெருக்கி மாட்டப்பட்டிருக்கின்றன.

முடிந்ததும் பலகையின் பின்னால் தேதி, நேரம், செடியின் பெயர் எழுதுங்கள். ஈரப் படத்தில் எறும்போ கொசுவோ ஒட்டினால் உடனே எடுக்கப் போகாதீர்கள், இழுபடும், காய்ந்தபின் நகத்தால் தட்டினால் உதிர்ந்துவிடும். மறுநாள் மேலே தொடர்வதாக இருந்தால் கீழ்ப்பூச்சைவிட மேல்பூச்சில் எண்ணெய் கொஞ்சம் கூடுதலாக இருக்க வேண்டும், தலைகீழானால் பின்னால் வெடிக்கும். தட்டில் மிஞ்சிய பெயின்டை மூடியுள்ள டப்பாவில் வைத்து, பஞ்சில் கிராம்பு எண்ணெய் ஒரு துளி விட்டு உள்ளே போட்டால் சில நாள் காயாமல் இருக்கும்.

பிரஷை முதலில் துணியில் துடைத்து, கடலை எண்ணெயில் குழப்பி, சோப்புப் போட்டு எண்ணெய் துளிகூட இல்லாமல் கழுவுங்கள். கடலை எண்ணெய் இறுகாது, பிரஷில் தங்கினால் அடுத்த படம் காயாமல் பிசுபிசுக்கும். அழுக்கு டர்பன்டைனைச் செடிக்கடியில் ஊற்றாதீர்கள், பாட்டிலில் மூடி வைத்தால் இரண்டு நாளில் கசடு அடியில் இறங்கும், தெளிந்ததை மறுபடி பயன்படுத்தலாம். துடைக்கப் பழைய பருத்தி வேட்டித் துணி அருமையாக இருக்கும். ஆனால் ஆளிவிதை எண்ணெய் ஊறிய துணியைக் கசக்கி மூலையில் குவித்து வைக்காதீர்கள். அந்த எண்ணெய் இறுகும்போது சூடு கிளம்பும், குவியலுக்குள் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பிடிக்கும். ஒவ்வொரு துணியையும் விரித்து, கொல்லைப்புறக் கொடியில் தனித்தனியாகக் காயப் போட்டுவிட்டுத்தான் நான் வீட்டுக்குள் போவேன்.