கடல் மீன் தொட்டியில் சண்டையா? முதலில் கிழித்தவனைப் பிடியுங்கள்

காலையில் விளக்கைப் போட்டதும், வால் துடுப்பு சீப்புப் பல் மாதிரி பிரிந்து நிற்கும் மீனைப் பார்த்தால் கை மருந்து பாட்டிலைத்தான் தேடும். நானும் அப்படித்தான் இருந்தேன். துடுப்பு கிழிந்த ஃபயர்ஃபிஷ்ஷைத் தனித் தொட்டியில் வைத்து, ஆறியதும் திரும்ப விட்டேன். இரண்டே நாளில் மறுபடி கிழிசல். கிழித்த டாம்செல் மீன் அதே பாறை இடுக்கில் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தது.

படி 1: யார் என்று பாருங்கள்

தீனி போடும் நேரத்தில் சற்றுத் தள்ளி உட்கார்ந்து பத்து நிமிடம் கவனியுங்கள். துடுப்பை விரித்துக் காட்டுவதும் ஒருமுறை விரட்டிவிட்டுத் திரும்புவதும் சாதாரணம். மூலைவரை துரத்திக் கடிப்பதும், ஒரு மீன் சாப்பிட வராமல் தண்ணீர் மட்டத்திலேயே ஒடுங்கி நிற்பதும்தான் ஆபத்து. கோமாளி மீன் ஜோடியில் சின்னது பெரியதன் முன் உடம்பை உதறினால் பயப்படாதீர்கள். வலிப்பு இல்லை அது. 'நீதான் பெரியவள்' என்று பணிந்து போவது. கோமாளி மீன்களில் பெரியதுதான் பெண்.

படி 2: காயத்தைப் படியுங்கள்

கடித்த கிழிசலில் ஓரம் சுத்தமாக இருக்கும். துடுப்பின் நரம்புகளுக்கு நடுவே உள்ள சவ்வு மட்டும் பிளந்திருக்கும். ஓரம் வெள்ளையாகவோ பஞ்சு மாதிரியோ இருந்து, அடிப்பகுதி சிவந்து, துடுப்பு நாளுக்கு நாள் குட்டையானால் அது அழுகல். முதல் வகைக்கு மருந்தே வேண்டாம். அடிப்பகுதி சிதையாதவரை துடுப்பு தானாக வளர்ந்துவிடும்.

படி 3: தண்ணீர்

மீன் கழிவிலிருந்து உருவாகும் நச்சுகளான அம்மோனியா 0, நைட்ரைட் 0 இருக்க வேண்டும். உப்பின் அளவைக் காட்டும் ஒப்படர்த்தி 1.025, வெப்பம் 25–26 டிகிரி செல்சியஸ் அளவில் ஏறி இறங்காமல் இருக்கட்டும். 'உப்பு போடுங்கள், ஆறிவிடும்' என்று யாராவது சொல்வார்கள். அது நன்னீர் மீன் வைத்தியம். நம் மீன் ஏற்கெனவே உப்புத் தண்ணீரில்தான் நீந்துகிறது.

படி 4: சண்டைக்காரனை வெளியே எடுங்கள்

முக்கியமான வேலை இதுதான். அடிபட்டதை எடுத்தால் சண்டைக்காரனின் எல்லை அப்படியே இருக்கும். சண்டைக்காரனை எடுத்தால் அவன் எல்லையே போய்விடும். துளை போட்ட பெட்டியில் போட்டு அதே தொட்டிக்குள் தொங்கவிடலாம். ஒன்றிரண்டு வாரம் இருக்கட்டும். டாங் மீன் என்றால் வலை வேண்டாம். வால் தொடங்கும் இடத்தில் இரு பக்கமும் கத்தி மாதிரி முள் உண்டு. அது வலையில் மாட்டும், உங்கள் கையையும் கிழிக்கும். பிளாஸ்டிக் டப்பாவால் மொண்டு எடுங்கள்.

சண்டைக்காரன் பெட்டிக்குள் இருக்கும்போதே பாறைகளை மாற்றி அடுக்குங்கள். பழைய இடுக்கு இருந்த இடமே தெரியக் கூடாது. ஒளிய இடம் இரண்டு மூன்று கூடுதலாக இருக்கட்டும். மூடியும் போடுங்கள், ஃபயர்ஃபிஷ் மிரண்டால் வெளியே குதித்துவிடும்.

படி 5: அடிபட்டதைத் தனியே வைப்பது எப்போது?

சாப்பிடாமல் கிடந்தாலோ, அழுகல் தெரிந்தாலோ மட்டும். வெறும் தொட்டி, ஹீட்டர், ஸ்பான்ஜ் ஃபில்டர், ஒளிய ஒரு பிவிசி பைப் துண்டு, பெரிய தொட்டியின் தண்ணீர் போதும். அழுகலுக்கான ஆன்டிபயாட்டிக்கை இங்கேதான் போட வேண்டும். அது பெரிய தொட்டியில் விழுந்தால் கழிவைச் சிதைக்கும் நல்ல பாக்டீரியாவும் சாகலாம். சின்னத் தொட்டியில் அம்மோனியா சட்டென்று ஏறும், தினமும் சோதியுங்கள். மைசிஸ் எனும் குட்டி இறால் தீனியைக் கொஞ்சம் கொஞ்சமாக இரண்டு மூன்று வேளை கொடுங்கள்.

படி 6: திரும்ப விடுவது

காயம்பட்டது ஆறி, தைரியமாக நடுத்தொட்டியில் நீந்தத் தொடங்கிய பிறகு, விளக்கை அணைத்துவிட்டுச் சண்டைக்காரனைக் கடைசியாக விடுங்கள். டாங் என்றால் கண்ணாடிச் சுவரின் வெளியே முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றைச் சாய்த்து வையுங்கள். சில நாள் தன் பிம்பத்தோடு மல்லுக்கட்டும், மற்றதை மறந்துவிடும். மூன்று நான்கு நாளில் மறுபடி துரத்தினால் யோசிக்காமல் வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடுங்கள். என் டாம்செல்லும் அப்படித்தான் போனது.