லுங்கிக் கடை சர்வரில் /வார்-ஐப் புது டிஸ்க்குக்கு மாற்றும் வழி

குடியாத்தத்தில் லுங்கி மொத்த வியாபாரம் செய்யும் கடை ஒன்றின் டெபியன் (லினக்ஸ் வகை) சர்வரை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். 120 ஜிபி எஸ்எஸ்டி. பில், ஸ்டாக் எல்லாம் மரியாடிபி என்ற டேட்டாபேஸில் இருப்பதால், டேட்டாபேஸ், லாக் மாதிரி மாறிக்கொண்டே இருக்கும் ஃபைல்கள் சேரும் /வார் ஃபோல்டர் ஊதிக்கொண்டே போனது. அதை 1 டிபி ஹார்டுடிஸ்க்குக்கு மாற்றினோம்.

டிஸ்க் வாங்கும் முன், இடத்தை அடைப்பது எது என்று 'டியூ' கட்டளையில் பாருங்கள். டவுன்லோடு ஆகித் தங்கிய பழைய பேக்கேஜ்களும் ஜர்னலும் (சிஸ்டம் லாக்) தான் என்றால், 'ஆப்ட் கிளீன்' போட்டு ஜர்னலை 500 எம்பிக்குச் சுருக்கினாலே போதும். டிஸ்க் வாங்க வேலூருக்குப் போகும் பஸ் செலவு மிச்சம். ஹார்டுடிஸ்க்கில் டேட்டாபேஸ் கொஞ்சம் மந்தமாகும். ஒரு கடையின் பில்லுக்கு அது தெரியாது. கையில் காசிருந்தால் இன்னொரு எஸ்எஸ்டியே வாங்குங்கள்.

புது டிஸ்க்கின் பெயரை, டிஸ்க்குகளைப் பட்டியலிடும் 'எல்எஸ்பிஎல்கே' கட்டளையில் அளவை வைத்து உறுதி செய்துகொண்டு, பார்ட்டிஷன் போட்டு, எக்ஸ்ட்4 ஆக ஃபார்மேட் செய்து, /எம்என்டி ஃபோல்டரில் மவுண்ட் செய்யுங்கள் (இணையுங்கள்). இதில் பெரிய வித்தை இல்லை.

நகலெடுப்பதில்தான் கவனம் வேண்டும். டேட்டாபேஸ் ஓடும்போது எடுத்த நகல், வியாபாரம் நடக்கும்போதே கல்லாவை எண்ணுவது மாதிரி, கணக்கு உதைக்கும். அதனால் இரண்டு தடவை எடுப்பேன். முதல் தடவை எல்லாம் ஓடும்போதே 'ஆர்சிங்க்' என்ற நகலெடுக்கும் கட்டளை. பெரும்பகுதி அதிலேயே போய்விடும். அதன் விருப்பங்களில் சின்ன ஏ-வோடு பெரிய ஏ, எக்ஸ், ஹெச் மூன்றையும் சேருங்கள். அனுமதிகள், கூடுதல் பண்புகள், ஹார்டு லிங்க் எல்லாம் அப்படியே வரும். /வார்/ என்று கடைசியில் சாய்கோடு போட மறந்தால் வார்-க்குள் இன்னொரு வார் முளைத்துவிடும்.

இரண்டாவது தடவை, கடை சாத்திய பிறகு, டேட்டாபேஸ் போன்றவை ஓடாத ரெஸ்க்யூ மோடில். அங்கே ரூட் பாஸ்வேர்டு கேட்கும். உபுண்டுவில் வழக்கமாக அது இருக்காது, முன்பே வைத்துவிடுங்கள். வீட்டிலிருந்தபடி எஸ்எஸ்ஹெச்சில் (தொலைவிலிருந்து உள்ளே நுழையும் வழி) முடிக்கலாம் என்று எண்ண வேண்டாம், தொடர்பு அறுந்துவிடும். மெஷின் முன்னால்தான் உட்கார வேண்டும். யூபிஎஸ் பேட்டரி தாங்குமா என்றும் பாருங்கள். கத்திரி வெயில் மாதத்தில் எங்கள் பக்கம் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. இப்போது அதே கட்டளையோடு 'டிலீட்' விருப்பத்தையும் சேர்த்து ஓட்டினால், இடையில் மாறியது மட்டும் சரியாகும்.

அப்புறம் பழைய /வார்-க்கு /வார்.ஓல்டு என்று பெயர் மாற்றி, காலியாக ஒரு /வார் உருவாக்குங்கள். பெயர் மாற்றாமல் மேலேயே மவுண்ட் செய்தால் பழைய ஃபைல்கள் கண்ணுக்குத் தெரியாமல் எஸ்எஸ்டி இடத்தைப் பிடித்தபடியே இருக்கும். பிறகு, எந்த டிஸ்க் எங்கே மவுண்ட் ஆக வேண்டும் என்று சொல்லும் /எட்சி/எஃப்எஸ்டேப் ஃபைலில் ஒரு வரி: யூயூஐடி (பார்ட்டிஷனின் தனி அடையாள எண்), /வார், எக்ஸ்ட்4, டிஃபால்ட்ஸ், 0, 2. எஸ்டிபி1 மாதிரிப் பெயரை எழுதாதீர்கள், கேபிள் இடம் மாறினால் அதுவும் மாறலாம். யூயூஐடி-யை 'பிஎல்கேஐடி' காட்டும். ரீபூட்டுக்கு முன் 'ஃபைண்டுமவுண்ட்' கட்டளையை 'வெரிஃபை' விருப்பத்தோடு ஓட்டிவிடுங்கள். எழுத்துப்பிழை அங்கேயே மாட்டும்.

இதே பாணியில் /எட்சி, /பின், /லிப் பக்கம் போய்விடாதீர்கள். பூட் ஆகும்போதே அவை வேண்டும்.

பில் ஓடுகிறதா, பிரிண்ட் வருகிறதா, ராத்திரி பேக்கப் விழுகிறதா என்று பாருங்கள். மாதக் கணக்கு முடிந்து ஜிஎஸ்டி போகும்வரை /வார்.ஓல்டு இருக்கட்டும். அதுவரை எஸ்எஸ்டியில் நெருக்கடிதான். புதிதாக எதுவும் அங்கே சேராததால் பரவாயில்லை.