குவாண்டம் மாடல் நிஜமாகவே கற்கிறதா? சோதிப்பது எப்படி?

என்னிடம் ஆய்வுக்கு வரும் மாணவர்கள் முதல் வாரமே, டேட்டாவிலிருந்து கற்கும் குவாண்டம் சர்க்யூட்டை (குவாண்டம் கணினியில் ஓடும் செயல்களின் வரிசை) எழுதத் துடிப்பார்கள். நான் விடுவதில்லை. முதலில் அதே டேட்டாவில் சப்போர்ட் வெக்டர் மெஷின் என்ற வழக்கமான வகைப்படுத்தும் முறையைச் சாதாரணக் கணினியில் ஒழுங்காகப் பயிற்றுவித்து, கிடைக்கும் துல்லியத்தைக் குறித்து வையுங்கள். 2018-இல் 18 வயது மாணவி ஈவின் டாங், ஒருவருக்கு எது பிடிக்கும் என்று கணிக்கும் பரிந்துரைக் கணக்கில் குவாண்டம் முறையின் வேகத்தைச் சாதாரணக் கணினியால் எட்டவே முடியாது என்று நிரூபிக்கப் புறப்பட்டார். கடைசியில் கிட்டத்தட்ட அதற்கு ஈடான வேகமுள்ள சாதாரண அல்காரிதத்தையே கண்டுபிடித்தார். ஒப்பீட்டை நான் ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்பதற்கு அது ஒன்றே போதும்.

அடுத்து, குவாண்டம் சர்க்யூட்டைச் சாதாரணக் கணினியிலேயே ஓட்டிப் பார்க்க உதவும் பென்னிலேன் அல்லது கிஸ்கிட் மென்பொருளில் 4 க்யூபிட்டில் (க்யூபிட் என்பது குவாண்டம் கணினியின் பிட்) தொடங்குங்கள். மடிக்கணினி தாங்கும். க்யூபிட் ஒன்று கூடினால் நினைவகம் இரட்டிப்பாகும்: 20 க்யூபிட்டின் நிலையைச் சேமிக்க 16 எம்பி, 30-க்கு 16 ஜிபி.

இப்போது எல்லோரும் தவிர்க்கும் சோதனை. சர்க்யூட்டில் பயிற்சியின்போது மாறும் எண்களான கோணங்களைத் தாறுமாறாகத் தேர்ந்து 200 தடவை சர்க்யூட்டை அமையுங்கள். ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு கோணத்தை மட்டும் பை/2 கூட்டி ஒரு முறையும் குறைத்து ஒரு முறையும் ஓட்டுங்கள்; அது வழக்கமான சுழற்சி கேட்டாக (க்யூபிட்டை அந்தக் கோணத்துக்குச் சுழற்றும் செயல்) இருந்தால், இரண்டு விடைகளின் வித்தியாசத்தில் பாதிதான் கிரேடியன்ட், அதாவது மாடலுக்கு வழிகாட்டும் சரிவு. அந்த 200 எண்களின் மாறுபாட்டை 4, 6, 8, 10 க்யூபிட்டுக்குக் கணக்கிட்டு லாக் அளவில் வரையுங்கள். கோடு வளையாமல் நேர்கோடாகச் சரிந்து இறங்கினால் நீங்கள் தரிசு மேட்டில் நிற்கிறீர்கள்: எந்தப் பக்கம் போனாலும் சரிவே தெரியாது. ஜாரட் மெக்லீனின் ஆய்வுக் குழு 2018-இல் இதைக் காட்டியது. உண்மையான குவாண்டம் ஹார்டுவேரில் நிலைமை இன்னும் மோசம். 1000 முறை அளந்தாலும் பிழை சுமார் 0.03 இருக்கும்; அதைவிடச் சிறிய கிரேடியன்ட் இரைச்சலில் மூழ்கிவிடும். பிழையைப் பத்தில் ஒன்றாக்க நூறு மடங்கு அளக்க வேண்டும். ஆகவே சர்க்யூட்டின் ஆழத்தைக் குறையுங்கள். எல்லா க்யூபிட்டையும் சேர்த்து அளக்காமல் ஓரிரண்டை மட்டும் அளந்து பாருங்கள்.

கடைசியாக, சர்க்யூட்டைச் சாதாரண நியூரல் அடுக்குகளோடு சேர்த்து மாடல் அமைத்திருந்தால், அந்தக் குவாண்டம் அடுக்கை எடுத்துவிட்டு ஓட்டுங்கள். என் மாணவி ஒருத்தி அப்படிச் செய்தபோது துல்லியம் இம்மியும் குறையவில்லை. வேலை முழுவதையும் முன்னால் இருந்த நியூரல் அடுக்குகளே செய்துகொண்டிருந்தன. பல மாத உழைப்பு, பாவம், முகம் வாடிப்போயிற்று. அந்த முடிவை மறைக்காமல் ஆய்வேட்டில் தனி அத்தியாயமாக எழுதச் சொன்னேன். எழுதினாள். புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் முதலில் படிக்கக் கொடுப்பது அந்த அத்தியாயத்தைத்தான்.