அழுகைக்கு நான்கு காரணம்

"இன்னைக்கு எப்படி இருக்கீங்க?" என்று என் ஆறாம் வகுப்பில் கேட்டால் 32 பேரும் ஒரே ராகத்தில் "நல்லா இருக்கோம் டீச்சர்" என்பார்கள். அதில் இரண்டு பேர் காலையில் சாப்பிட்டிருக்க மாட்டார்கள். பிள்ளைகள் மறைக்கிறார்கள் என்றே பல வருஷம் நினைத்தேன். மறைக்கவில்லை, சொல்ல வார்த்தைதான் இல்லை. கோபம், பயம், ஜாலி, மீதிக்கெல்லாம் 'ஒரு மாதிரியா இருக்கு'.

அந்த வார்த்தையை நடிப்பும் படமும் வழியாகக் கொடுக்க நான் செய்துபார்த்ததை உங்கள் வகுப்பிலும் செய்யலாம். வார்த்தையை நம் பழந்தமிழிலிருந்தே எடுத்தேன். தொல்காப்பியம் எட்டு மெய்ப்பாடு சொல்கிறது: நகை (சிரிப்பு), அழுகை, இளிவரல், மருட்கை (வியப்பு), அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை (மகிழ்ச்சி). மனசில் இருப்பது மெய்யில், அதாவது உடம்பில், தெரிவதுதானே மெய்ப்பாடு? அதனால் முதல் இரண்டு வாரம் பேச்சே கிடையாது, உடம்பு மட்டும்தான். எட்டையும் சீட்டில் எழுதிக் குலுக்குங்கள். ஒருவர் எடுத்து, வாய் திறக்காமல் செய்துகாட்டி, 'ஸ்டேச்சு' என்றதும் அப்படியே நிற்க வேண்டும். மற்றவர்கள் கண்டுபிடிக்கட்டும். வெகுளி என்றதும் சிரிப்பார்கள். அவர்களுக்கு அது சூதுவாது தெரியாத ஆள். இங்கே கோபம் என்று சொல்லிவிடுங்கள். இளிவரலை நான் விளக்கித் திணறியபோது ஒரு பையனே சொன்னான்: "எல்லார் முன்னாடியும் அசிங்கமாப் போறது, டீச்சர்." அச்சத்துக்கும் வெகுளிக்கும் பாதிப் பேர் ஒரே மாதிரி முஷ்டியை மடக்குவார்கள். "கையைப் பார்த்தா ஒண்ணாத்தான் இருக்கு, தோள் எப்படி இருக்கு?" என்று கேளுங்கள். தானாகப் பேச்சு தொடங்கும்.

அடுத்து முகமூடி. பழைய கல்யாணப் பத்திரிகை அட்டை போதும். கண்ணும் மூக்கும் மறைந்து வாய் திறந்திருக்கும் அரை முகமூடியாக வெட்டுங்கள், முழுசாக மூடினால் குரல் அமுங்கிவிடும். நான் முகமூடிக்கு வந்தது ஒரு தப்பிலிருந்துதான். ஒருமுறை 'உன் குடும்பத்தை வரை' என்று சொல்லிவிட்டேன். அப்பாவை இழந்த பிள்ளை ஒன்று வெள்ளைத் தாளை அப்படியே மடித்துப் பையில் வைத்துக்கொண்டது. அன்றிலிருந்து பிள்ளையைக் கேட்பதில்லை, முகமூடியைத்தான் கேட்கிறேன்: "இதுக்கு என்ன ஆச்சாம்?" தன் கதையா, கட்டுக்கதையா என்று துருவ வேண்டாம்.

வரைவதற்கு அழுகையை எடுத்துக்கொள்ளுங்கள். தொல்காப்பியம் அதற்கு நான்கு காரணம் சொல்கிறது: இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறர் இகழ்வது, இழப்பது, இருந்த நிலையிலிருந்து தாழ்வது, இல்லாமை. தாளை நான்காக மடித்துக் கட்டத்துக்கு ஒன்றாக, வண்ணமும் கோடும் மட்டும் போடச் சொல்லுங்கள். ஆள் உருவம் வேண்டாம். 'சைக்கிள் தொலைஞ்சதும் பாட்டி போனதும் ஒரே அழுகை இல்ல' என்று அவர்களே பிரிக்க ஆரம்பிப்பார்கள். படத்தை "சூப்பர்" என்று புகழாதீர்கள், மார்க் போடாதீர்கள், கேட்காமல் சுவரில் ஒட்டாதீர்கள். "இந்த மூலையில கறுப்பை ரொம்ப அழுத்தித் தேய்ச்சிருக்கே" என்று கண்ணில் பட்டதைச் சொன்னால் போதும்.

சண்டையை நாடகமாக்கலாம். அடித்தவன் அடிபட்டவனாக மாறி நடிக்கட்டும். ஆனால் அன்றைய சண்டையை அன்றைக்கே எடுக்காதீர்கள். ஒருமுறை எடுத்து, மேடையிலேயே இரண்டாவது ரவுண்டு நடந்தது. இரண்டு நாள் ஆறவிட்டு, பெயரை மாற்றிப் போடுங்கள்.

'யாரிடமும் சொல்ல மாட்டேன்' என்று மட்டும் எந்தப் பிள்ளைக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். வீட்டில் அடி, தப்பான தொடுதல் என்று ஏதாவது வெளியே வந்தால், "உன்னைப் பாதுகாக்க வேண்டியவங்ககிட்ட மட்டும் சொல்வேன்" என்று சொல்லிவிட்டு, தலைமையாசிரியரிடம் போங்கள், குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள். அதற்குமேல் விசாரிப்பது நம் வேலை இல்லை.

மணி அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு வட்டமாக நின்று கும்மி தட்டுங்கள். எங்களுக்கு அடுத்த பீரியட் கணக்கு. கலங்கிய கண்ணோடு பின்னம் கூட்ட வராது.